வலசை: இது குடியேற்றம் இல்லை

போன அக்டோபரில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா தன் மகனிடம், "இதெல்லாம் ரஷ்யாவிலிருந்து குடியேறின பறவைங்கடா" என்றார். குடியேறினால் பிஆர் (நிரந்தரவாச உரிமை) அல்லவா வாங்கியிருக்கும்! செப்டம்பரில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும் பறவைக்கு அந்தச் சொல் ஒட்டாது. இதற்கான தமிழ்ச்சொல் வலசை.

ஆனால் அது பறவைக்காகப் பிறந்த சொல் இல்லை. பகைவர் படைக்கு அஞ்சி ஊரையே காலி செய்துகொண்டு ஓடுவதைத்தான் பழைய அகராதிகள் வலசை என்கின்றன. தெலுங்கில் வலச, கன்னடத்தில் வலசெ. தென்காசிப் பக்கம் கணக்கப்பிள்ளை வலசை, இராமநாதபுரத்தில் வலசை என்று முடியும் பல சிற்றூர்கள், எல்லாம் அப்படிப் பெயர்ந்து வந்தவர்கள் தங்கிய இடங்களாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மனிதர் வலசை ஒருவழிப் பயணம், பறவைக்கோ போக்கும் வரவும் உண்டு. அதை வினைச்சொல் பார்த்துக்கொள்கிறது: வலசை வருகிறது, வலசை போகிறது. சங்கப் பாடல்களில் 'வம்ப நாரை' என்று வரும். வம்பு என்றால் புதுமை, அதாவது புதிதாக வந்திறங்கிய நாரை. இன்று நாம் சொல்லும் வம்பு வேறு!

சுங்கை பூலோ ஒரு காலத்தில் இறால் பண்ணை, 2002 முதல் இயற்கைக் காப்பகம். பழைய குளங்களின் நீர்மட்டத்தை இன்றும் மதகு வைத்துத்தான் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே கடல் ஓதம் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கியதும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் கூட்டமாக இந்தக் குளங்களுக்குள் வந்து நிற்கும், அதனால் கடிகாரத்தைவிட ஓத அட்டவணையைப் பார்த்துப் போவது நல்லது. அக்டோபரில் மங்கிய பழுப்பாக இருக்கும் பொன்னிற உப்புக்கொத்திக்கு, கிளம்பும் காலத்தில் வயிற்றில் மை கொட்டியதுபோல் திட்டுத்திட்டாகக் கறுப்பு ஏறத் தொடங்கும். அது இணைசேரும் காலத்துக் கோலம். கூடு கட்டுவது சைபீரியப் பக்கம், இங்கே ஒரு முட்டைகூட இடாது.

'இடம்பெயர்வு' தப்பில்லை, ஆனால் வீடு மாறுவதற்கும் அதையே சொல்கிறோம். 'வெளிநாட்டுப் பறவை' வேண்டவே வேண்டாம், ஆண்டில் பாதியை இங்கே கழிப்பதை எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது? சரி, வருடம் முழுக்க அதே மரத்தில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நாரைக்கு என்ன பெயர்? உள்ளூர்ப் பறவை, அவ்வளவுதான்.