முகர்விழப்பு: சொல்லும் பொருளும்

மணம் அறிய முடியாமையைக் குறிக்கும் அனோஸ்மியா என்னும் மருத்துவச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அம்மொழியில் 'ஒஸ்மே' என்பது மணம்; முன்னால் நிற்கும் 'அன்' எதிர்மறையைக் குறிக்கும். சுவையைக் குறிக்கும் 'கியூசிஸ்' என்பதிலிருந்து இதே முறையில் அமைந்தது அகியூசியா. பெரும்பாலும் மருத்துவர்களே வழங்கிவந்த இவ்விரு சொற்களும், 2020 ஜூனில் இந்திய சுகாதார அமைச்சகம் மணமும் சுவையும் தெரியாமல் போவதைக் கொரோனாவின் அறிகுறிகளில் சேர்த்த அந்த ஆண்டில் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றன.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுவது எளிதன்று. திருக்குறள் ஐம்புலன்களை எண்ணுகையில் மணப் புலனை 'நாற்றம்' என்றே சொல்கிறது. ஆனால் இன்று நாற்றமின்மை என்றால் கெட்ட வாடை இல்லை என்றே எவரும் கொள்வர். நுகர்தல் நல்ல பழஞ்சொல்தான், அதை நுகர்வோர் சந்தை எடுத்துக்கொண்டுவிட்டது. மோப்பமோ போலீஸ் நாயிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எஞ்சி நிற்கும் 'முகர்தல்' வேறு பொருளுக்கு இடந்தராதது என்பதால் அதையே கொள்ளலாம். பிறவியிலேயே மணம் அறியாதவருக்கும் பொதுவாகப் பொருந்துவது முகர்வின்மை. இருந்த திறன் தொற்றால் போயிருந்தால் முகர்விழப்பு என்பதே சரி. அகியூசியாவுக்குச் சுவையிழப்பு போதும்.

இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சளி பிடித்த ஒருவர் கோவையிலோ ஈரோட்டிலோ மருத்துவரிடம் "நாக்கு செத்துப் போச்சுங்க, எதைத் தின்னாலும் சப்புனு இருக்குதுங்க" என்று சொன்னால், பெரும்பாலும் கெட்டிருப்பது நாக்கன்று, மூக்கு. நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றையும் காளானிலும் தக்காளியிலும் உள்ள உமாமியையும்தான். நம் அறுசுவையில் வரும் கார்ப்பு உண்மையில் எரிச்சல் உணர்வு. அதை வேறு நரம்பு கொண்டுசெல்கிறது. அரிசிம்பருப்புச் சாதத்தில் சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, மேலே விடும் நெய் ஆகியவற்றின் மணம் மெல்லும்போது தொண்டையின் பின்வழியே மூக்கிற்கு ஏறுகிறது. அந்த வழி அடைபட்டால் உப்பும் மிளகின் உறைப்புமே மிஞ்சும்.

சாதாரணச் சளியில் மூக்கின் உட்சவ்வு வீங்கி, மணத் துகள்கள் மேற்கூரையிலுள்ள முகர்வுப் படலத்தை எட்டாமல் போவதே முதன்மைக் காரணம். வீக்கம் வடிந்ததும் மணம் திரும்பும். கொரோனாவில் மூக்கடைப்பே இல்லாமலும் மணம் போனது. அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்னும் புரதம் முகர்வு நரம்பணுக்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களில் இருக்கிறது. துணை சிதைந்ததால் நரம்பணுக்களும் செயலிழந்தன. அந்நோயில் நாவின் சுவையுணர்வும் உறைப்புணர்வும் சிலருக்கு உண்மையாகவே குன்றின என்பதால், அங்கே சுவையிழப்பு வெறும் பிரமையன்று.

முகர்வு நரம்பணுக்கள் அடியணுக்களிலிருந்து மீண்டும் தோன்றக்கூடியவை என்பதால் பலர் தேறுகின்றனர். தேறும் வழியில் காபி அழுகல்போல் மணப்பதுண்டு. பரோஸ்மியா எனப்படும் இதை முகர்வுத் திரிபு எனலாம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை, இழந்த முகர்வை மீட்கும் பயிற்சியாக நாளுக்கு இருமுறை 12 வாரம் முகரச் செய்தனர். இவற்றுள் யூகலிப்டஸ் நமக்கு மேட்டுப்பாளையம் சாலையில் விற்கும் நீலகிரித் தைலமேதான்.

முகர்விழப்பு நீடிப்பவர் சமையலறையில் தனித்திருப்பது நல்லதன்று. எரிவாயுக் கசிவை அறிவிக்கவென்றே சிலிண்டரில் கலக்கப்படும் மெர்காப்டனின் வாடையும் அவருக்குத் தெரியாது.