பெட்ரோல் போகும் வழி பிரேக் பேடில் தெரியும்

"அண்ணா, மைலேஜ் பன்னிரண்டுதான் வருகிறது. இன்ஜினைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்." ஈரோட்டில் கார் பட்டறை நடத்தும் எனக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது இந்தப் பேச்சு காதில் விழும். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நான் முன்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்துவிடுவேன். வந்தவர் விழிப்பார். மைலேஜுக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் பார்ப்பது பிரேக் பேடை. பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்கை இறுக்கிப் பிடித்து, தானும் தேயும் கட்டை அது. ஒரே மாடல் கார், ஒரே ஊர்ச் சாலை. ஒருவர் 50,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் பேடில் பாதி மிச்சம் இருக்கிறது. இன்னொருவர் 18,000த்திலேயே இரும்புத் தகடு தெரியும்படி தேய்த்துக்கொண்டு வருகிறார். இந்த இரண்டாமவரிடம் மைலேஜ் எவ்வளவு என்று நான் கேட்பதே இல்லை. பேட் சொல்லிவிடும்.

கணக்கு எளிதானது. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள காரை நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 மில்லி பெட்ரோல் வேண்டும். இன்ஜின் தான் குடிப்பதில் கால்வாசியைத்தான் ஓட்டமாக மாற்றுகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அவ்வளவும் டிஸ்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். 80இல் வந்து நிறுத்தினால் 34 மில்லி. ஊருக்குள் 40இல் வந்து நிறுத்தினால் எட்டோ ஒன்பதோ. சின்னத் தொகைதானே என்று தோன்றும். நாளுக்கு 50 முறை அப்படி நிறுத்தினால் 400 மில்லியைத் தாண்டிவிடுகிறது. இப்போதைய விலையில் நாற்பது ரூபாய்க்கு மேல் பிரேக்குக்குப் படையல்.

போன ஆண்டு ஜவுளி வியாபாரி ஒருவர் இதே புகாரோடு வந்தார். ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று எல்லாம் சரியாகவே இருந்தன. "நீங்கள் ஓட்டுங்கள் சார், நான் பக்கத்தில் உட்காருகிறேன்" என்று காளைமாட்டுச் சிலையிலிருந்து பன்னீர்செல்வம் பூங்கா வரை போனோம். தூரத்தில் சிக்னல் சிவப்பாகிவிட்டது எனக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. ஆனாலும் அவர் கால் ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது. முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகு வரை விரட்டிக்கொண்டு போய் ஒரே அழுத்து. பச்சை விழுந்ததும் மறுபடி பாய்ச்சல். பின்சீட்டில் எவர்சில்வர் தூக்கு ஒன்று உருண்டுகொண்டே வந்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை, சிவப்பைக் கண்டதும் காலை எடுத்தேன், கியரை எடுக்கவில்லை. இப்போதைய கார்களில் கியர் விழுந்திருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். அந்த நூறு மீட்டர் ஓட்டம் இலவசம். பாதி நேரம் நாம் போய்ச் சேர்வதற்குள் பச்சையும் விழுந்துவிடும். முழுதாக நின்று கிளம்புவதைவிட, ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியை மறுபடி வேகம் பிடிக்க வைப்பது மலிவு.

நியூட்ரலில் விட்டால் இன்னும் மிச்சமாகுமே என்றார் அவர். இது இன்ஜெக்டருக்கு முந்தைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தாக வேண்டும். கியரில் இருந்தால் அதுவும் வேண்டாம். ஊருக்குள் இது காசு விஷயம், மலையில் உயிர் விஷயம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நியூட்ரலில் இறங்கிவிட்டு, அடிவாரத்துப் பண்ணாரியில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வர நிற்கும் கார்களை நான் பார்த்திருக்கிறேன். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. சிலர் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்கை அழுத்தக் காலுக்குத் துணை செய்யும் வேக்குவம் (இன்ஜின் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சு விசை) இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும். ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். மைலேஜுக்கும் அதுதான் சரி.

கிளம்பும்போதும் முரட்டுக் கால் வேண்டாம். அதற்காக மாட்டுவண்டிபோல் நகரவும் வேண்டாம். இரண்டாவது கியரில் இன்ஜின் கத்தக் கத்த இழுக்காமல் 2,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) ஒட்டி மேல் கியருக்குப் போனால் போதும். மேட்டில் இன்ஜின் இடித்துத் திணறினால் கியரைக் குறைக்க வெட்கப்படாதீர்கள். டாப் கியரில் திணறவிடுவது மிச்சம் ஆகாது.

நெடுஞ்சாலைக்கு வந்தால் எதிரி காற்று. 80இலிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ பாதிக்கு மேல் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பெருந்துறை வழியாகக் கோவை சுமார் 100 கிலோமீட்டர். வழியெல்லாம் 100இலேயே போக முடிந்தாலும் 80இல் போகிறவரைவிட 15 நிமிடம்தான் முந்தலாம். அப்படிப் போகவும் முடியாது. விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் என்னைக் கடந்து பறந்தவரே எனக்கு முன்னால் வரிசையில் நிற்பார்.

ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிடுங்கள்; சும்மா நிற்கும் சிறிய காரே ஏசியோடு மணிக்கு ஒரு லிட்டரை நெருங்கும். டயர் காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள்.

எல்லாப் பழியையும் காலின் மேல் போட்டுவிடவும் மாட்டேன். கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது என் வேலை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் சற்றுக் குறைவதும் உண்மை. எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. டியூனிங் செய்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வியாபாரியிடம் அன்று நான் கூலி வாங்கவில்லை. ஒரே பெட்ரோல் பங்கில், ஆட்டோ கட் விழும் வரை, அதாவது குழாய் தானாக நிற்கும் வரை, டேங்க்கை நிரப்பி, மறுபடி அதேபோல் நிரப்பும்போது கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதி வையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மூன்று டேங்க் கழித்து ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். 12.4, 14.1, 15.3. "கோவைக்குப் போகும்போதெல்லாம் பெருந்துறை தாண்டுவதற்குள் என் மகள் வாந்தி எடுப்பாள் அண்ணா, இப்போது தூங்கிக்கொண்டு வருகிறாள்" என்றார். பேடை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். கழற்றிப் பார்த்து, அடுத்த சர்வீசுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டேன்.