தாத்தாவின் ரைபிளைத் துடைப்பதற்கு முன்னால்

போன மழைக்காலத்தில் குன்னூரிலிருந்து ஒரு அம்மாவும் அவர் மகனும் கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்தார்கள். கையில் பழைய கேன்வாஸ் உறை. உள்ளே ஒரு ரைபிள். அம்மாவின் மாமனார் தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். ஐம்பதுகளில் ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் அவருக்கு விற்றுவிட்டுப் போன துப்பாக்கி. இப்போது லைசென்ஸ் அந்த அம்மா பெயரில்.

"ரிக்பி ரைபிள்ங்க. மாமா அப்படித்தான் சொல்லுவார். நல்ல விலை போகும்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்க பார்த்து எழுதிக் கொடுங்க" என்றார். ரிக்பி என்பது லண்டனின் பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்பெனி.

உறையைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேரல் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளவென்று இருந்தது. மகன் பெருமையாகச் சொன்னார்: "துரு ஏறிக் கெடந்துச்சுண்ணே. பக்கத்து லேத் பட்டறையில பஃபிங் போட்டுக் கொண்டாந்தேன்."

பேரலின் மேல்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்திருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் நாலைந்து கோடுகளின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அது பெயரா, ஊரா, தெருவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பத்து நிமிட பஃபிங்கில் போனது நூறு வருட எழுத்து.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், வேறு அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. எண்ணை மட்டும்தான் தொடக்கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள். பெயரும் அதில் சேர்த்திதான். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறைக்காரருக்கு அது இருந்திருக்க வாய்ப்பில்லை. நல்லவேளை, எண், தோட்டாவை ஏற்றிப் பூட்டுகிற இரும்புப் பாகமான ஆக்‌ஷனில் தெளிவாக இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தோடும் ஒத்துப்போனது.

அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'கார்டைட் மேக்ஸ்' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்டைட் என்பது அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தோட்டாக்களில் போட்ட வெடிமருந்து. இவ்வளவு எடை மருந்துக்கும் இவ்வளவு எடை குண்டுக்கும் மேல் போடாதே என்று பேரலில் அடித்து வைத்த எச்சரிக்கையை, யாரோ ஒரு எழுத்தர் கம்பெனிப் பெயர் என்று நினைத்து எழுதிவிட்டார். இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். 'க்ருப்', 'விட்வர்த்', 'போலர்' என்றெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். அவை பேரலுக்கு இரும்பு கொடுத்தவர்களின் பெயர்கள். அரிவாளில் ஸ்டீல் கம்பெனிப் பெயர் இருந்தால் அந்தக் கம்பெனியே அரிவாள் அடித்தது என்று சொல்வோமா?

இவை போகட்டும், உண்மையான கடைப் பெயர் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. அண்ணா சாலையில் இன்றும் கடிகாரத்தோடு நிற்கிற பி. ஆர் அண்ட் சன்ஸை நமக்குக் கைக்கடிகாரக் கடையாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்த துப்பாக்கிகளைச் செய்தது இங்கிலாந்துப் பட்டறைகள். இவர்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். கல்கத்தாவின் துப்பாக்கிக் கடையான மேன்டன் கம்பெனி இன்னும் குழப்பம். மேன்டன் என்றாலே லண்டனின் புகழ்பெற்ற துப்பாக்கிக் கைவினைஞர் ஜோசப் மேன்டன் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். ஜோசப் மேன்டன் 1835லேயே இறந்துவிட்டார். அவர் காலத்துக்கு வெகு பின்னால் ஜெர்மனியில் வந்த, போல்ட் வைத்த மவுசர் ரைபிளை அவர் எப்படிச் செய்திருப்பார்?

சரி, குன்னூர் ரைபிளுக்கு வருவோம். மேலே பெயர் போய்விட்டது, அதனால் அடியில் பார்க்க வேண்டியதுதான். பேரலைத் தாங்குகிற மரக்கட்டையைக் கழற்றினேன். கழற்றும்போதே ஒன்று கவனித்தேன்: திருகுகளின் பள்ளம் எல்லாம் பேரலின் நீளவாக்கிலேயே ஒரே நேராக நின்றன. நல்ல ஆங்கிலப் பட்டறை வேலைக்கு அது ஒரு அடையாளம். இரண்டு திருகுகளின் தலையை யாரோ பொருந்தாத ஸ்குரூடிரைவரால் கடித்து வைத்திருந்தார்கள். துப்பாக்கித் திருகின் பள்ளம் மிகக் குறுகலானது. வீட்டில் இருக்கிற ஸ்குரூடிரைவரை வைத்துத் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள்.

கட்டைக்குள் மறைந்திருந்த பேரல் அடிப்பாகத்துக்கு பஃபிங் சக்கரம் எட்டவில்லை. அங்கேதான் கதை இருந்தது. கிரீடம், அதன் கீழே பி.பி. (BP); இன்னொரு கிரீடம், கீழே பி.வி. (BV); மூன்றாவது கிரீடம், கீழே என்.பி. (NP). பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள்.

இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் எந்தத் துப்பாக்கியும் சோதனைச் சாலைக்குப் போயாக வேண்டும். வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுடுவார்கள். தாங்கினால் முத்திரை. அப்படிப்பட்ட சோதனைச் சாலைகள் இரண்டுதான், ஒன்று லண்டனில், ஒன்று பர்மிங்காமில். லண்டன்காரர்கள் பெரும்பாலும் லண்டனிலேயே சோதிப்பார்கள். ரிக்பி லண்டன் கம்பெனி. ஆகவே மாமா சொன்ன கதை இங்கேயே ஆட ஆரம்பித்தது. ஆனால் இதை மட்டும் வைத்து ரிக்பி இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முத்திரை சொல்வது எங்கே சோதித்தார்கள் என்பதை. யார் செய்தார்கள் என்பதை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் முத்திரையைப் பார்த்துவிட்டே சான்றிதழ் எழுதித் தருகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள்.

காலத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்று பர்மிங்காமில் அடிக்க ஆரம்பித்தது 1904ல். தோட்டா அளவு .318 (அங்குலக் கணக்கு). வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனி 1910ல் கொண்டுவந்த தோட்டா அது, அதனால் ரைபிள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 1954ல் விதி மாறியபின் அழுத்தத்தை டன் கணக்கில் அடித்தார்கள். இதில் டன் இல்லை, மருந்தின் எடைதான் இருந்தது. 1921 முதல் பர்மிங்காம் சோதனைச் சாலை ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தையும் சேர்த்து அடித்தது. எவ்வளவு தேடியும் அந்த எழுத்து கண்ணில் படவில்லை. இந்தக் கடைசிச் சாட்சி கொஞ்சம் பலவீனமானது, இல்லாததை வைத்துப் பேசுவது எப்போதும் அப்படித்தான். இருந்தாலும் 1910க்கும் 1921க்கும் நடுவில் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

தோட்டா அளவு நம் நாட்டுத் துப்பாக்கிகளில் இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். 1907ல் பிரிட்டிஷ் அரசு .450 அளவை இந்தியாவுக்குள் வராமல் தடுத்தது, பழைய ராணுவ மார்ட்டினி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்பட்டுவிடும் என்ற பயத்தில். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளோடு வந்தன. யானை ரைபிளில் .470 என்று பார்த்தால் தடைக்குப் பிந்தியது என்று கணக்கு வைக்கலாம்.

ஆக்‌ஷன் மவுசர். இடது சுவரில் கட்டைவிரல் நுழைகிற வெட்டு இல்லை. ராணுவ ரைபிள்களில் தோட்டாவைக் கிளிப்போடு அழுத்த அந்த வெட்டு இருக்கும். ஆக, இது ராணுவத் துப்பாக்கியை இழைத்துச் செய்த சரக்கு அல்ல, வேட்டைக்கென்றே வாங்கிய ஆக்‌ஷன். குறி பார்க்கிற பின்பார்வையில் மடக்குகிற தகடுகள், அவற்றில் கெஜக் கணக்கு. ஜெர்மனியில் முடித்த ரைபிள் என்றால் மீட்டராக இருந்திருக்கும்.

அப்படியானால் .318ஐக் கொண்டுவந்த வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸே செய்ததுதானே என்று மகன் கேட்டார். அவர்களும் பர்மிங்காம்காரர்கள்தான், கேள்வி நியாயம். ஆனால் .318ஐ வேறு பல பட்டறைகளும் போட்டன. வெஸ்ட்லி ரைபிள்களில் முன்பார்வை மணியின் மேல் மடிந்து காக்கிற ஒரு மூடி உண்டு, அவர்கள் காப்புரிமை. இதில் அது இல்லை, அது இருந்த தடமும் இல்லை. எண்ணை அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். வெஸ்ட்லி, ரிக்பி, ஹாலண்ட் போன்றவர்கள் பழைய பேரேடுகளை வைத்திருக்கிறார்கள். காசு கட்டினால் எந்த எண் யாருக்கு எப்போது போனது என்று பார்த்துச் சொல்வார்கள். வெஸ்ட்லி, ரிக்பி இரண்டு கம்பெனிக்கும் எழுதினோம். இரண்டிலும் இந்த எண் இந்த ரைபிளோடு பொருந்தவில்லை.

பதில் வருவதற்குள் கட்டையின் பின்முனையில் இருக்கிற அடித்தகட்டையும் கழற்றிப் பார்த்திருந்தேன். உள்ளே மரத்தில் பென்சிலால் இரண்டு எழுத்து. கட்டை செதுக்கியவரின் கையெழுத்தாக இருக்கும். பர்மிங்காமில் பேரலுக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர், செதுக்கு வேலைக்கு ஒருவர் என்று தனித்தனி வீட்டுப் பட்டறைகளில் செய்து, கடைசியில் எந்தக் கடை வாங்குகிறதோ அதன் பெயரைப் பொறிப்பது சர்வ சாதாரணம். அந்தப் பெயர்தான் பஃபிங்கில் போய்விட்டது.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் எண்ணெய் நனைத்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எமரி தாள் வேண்டாம், பேரலுக்குத் துரு காக்கிற நீலப் பூச்சும் புதிதாக ஏற்ற வேண்டாம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் அங்கே கிடந்து துரு பிடிக்கும். கொடுப்பதற்கு முன் எண், எழுத்து, முத்திரை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய தோட்டா கிடைத்தது என்று போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டாம்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: மவுசர் ஆக்‌ஷன், பர்மிங்காம் வேலை, 1910களின் காலம், தயாரிப்பாளர் பெயர் தெரியவில்லை. மகன் முகம் வாடிவிட்டது. ரிக்பி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் விலை பல மடங்கு ஏறியிருக்கும், அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "அப்போ ரிக்பி இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"மாமா இருந்திருந்தா உங்ககிட்ட சண்டைக்கு வந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு, மடித்து லைசென்ஸ் புத்தகத்துக்குள், கார்டைட் மேக்ஸ் என்று எழுதிய பக்கத்தில் வைத்துக்கொண்டார்.