விரல் நுனியில் ஒரு மதகு

2026 பிப்ரவரியில் நடந்த மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஸ்கீ மலையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. சறுக்கு மட்டைகளோடு பனிமலையில் ஏறி, அதே மட்டைகளில் சறுக்கி இறங்கும் போட்டி. அதைப் பார்த்த ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “இவ்வளவு மெல்லிய கையுறையோடு எப்படி ஓடுகிறார்கள்? விரல் உறைந்துபோகாதா?”

ஒலிம்பிக்ஸ் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், உறைய நேரமே கிடைக்காது. ஆனால் இந்த விளையாட்டின் நீண்ட வடிவம் ஒன்று இருக்கிறது. கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான். சுவிட்சர்லாந்து ராணுவம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் நடத்தும் ‘பட்ருய் தே கிளாசியே’ போட்டியில் மூவர் மூவராக அணிகள் ஸெர்மாட்டிலிருந்து வெர்பியே வரை 57.5 கிலோமீட்டர் போக வேண்டும். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 4,400 மீட்டர். உச்சப் புள்ளியான தேத் ப்ளான்ஷ் 3,650 மீட்டர் உயரத்தில். கிளம்புவது இரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில். பனியாற்றில் மூவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறார்கள். கட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1943இல் தொடங்கிய இந்தப் போட்டியில், 1949இல் ஓர் அணியின் மூவரும் பனிப்பிளவில் விழுந்து இறந்தார்கள். அதன்பின் தடை விதித்தார்கள். 1984இல்தான் மறுபடி நடந்தது.

ஏறும்போது மட்டையின் அடியில் ‘ஸ்கின்’ என்கிற பட்டையை ஒட்டியிருப்பார்கள். அதன் மயிர்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். உச்சி வந்ததும் பட்டையை உரித்து, பசை குளிர்ந்து கெட்டுப்போகாமலிருக்க மேலாடைக்குள் திணித்துக்கொண்டு, காலணியின் நெம்புகோலை மாற்றிப் பூட்டி இறங்க வேண்டும். கயிற்றுக் கொக்கியைத் திறப்பது, ஜிப் இழுப்பது, தின்பண்ட உறையைக் கிழிப்பது என்று எல்லாமே விரல் வேலை. விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனாலே நுணுக்க வேலை தடுமாறும். 8 டிகிரியை நெருங்கினால் தொடு உணர்வே போய்விடும். ஒருவர் விரல் மரத்தால் கயிற்றில் இருக்கும் மூவரும் நிற்க வேண்டியதுதான்.

உடம்பில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்குதான் வேலையாகிறது, மீதி வெப்பம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வேகமாக மலை ஏறும் வீரர் சுமார் 1,000 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறார். சிக்கல் என்னவென்றால், விரலில் தசையே கிடையாது. விரலை மடக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. விரலுக்குள் ஓடுபவை தசைநாண்கள் மட்டுமே. ஆக, விரல் தானாகச் சூடு தயாரிக்காது. கிடைக்கும் சூடெல்லாம் ரத்தம் கொண்டுவருவது.

அந்த ரத்தம் எப்படி வருகிறது என்பதில்தான் எனக்குத் தீராத மோகம். சாதாரணமாகத் தமனியிலிருந்து தந்துகி, தந்துகியிலிருந்து சிரை என்று போகும். விரல் நுனியிலும் நகத்தடியிலும் இதைத் தாண்டி ஒரு குறுக்குவழி இருக்கிறது. சிறு தமனியையும் சிறு சிரையையும் நேரடியாக இணைக்கும், தடித்த தசைச் சுவர் கொண்ட, வளைந்து நெளிந்த இணைப்புக் குழாய்கள். ஆக்சிஜன் கொடுப்பது இவற்றின் வேலை அல்ல, வெப்பம் கொண்டுவருவதுதான் வேலை. ஏரியின் மதகு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் சூடான ரத்தம் பாய்ந்து வரும், மூடினால் தந்துகிகள் வழியே கசிவு மட்டும். மூடிய நிலைக்கும் முழுதாகத் திறந்த நிலைக்கும் இடையில் விரலின் ரத்த ஓட்டம் நூறு மடங்கு வரை மாறக்கூடியது. கால்விரல், காது, மூக்கு நுனியிலும் இவை உண்டு. பனிக்கடி, அதாவது குளிரில் திசு உறைந்துபோவது, முதலில் தாக்கும் இடங்களும் இவையே என்பது தற்செயல் அல்ல. நடு உடம்பு குளிரும்போது மூளை, நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் பரிவு நரம்புகள் வழியாக மதகுகளை அடைக்கிறது. இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற விரல்களைக் கைவிடுகிறது.

அதோடு கதை முடிந்தால் குளிர்நாட்டு மீனவர் யாருக்கும் விரல் மிஞ்சியிருக்காது. 1930இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்துத் தோலின் வெப்பநிலையை அளந்தார். எதிர்பார்த்தபடியே அது நீரின் வெப்பநிலையை நோக்கிச் சரிந்தது. ஐந்து, பத்து நிமிடம் கழித்து, விரல் இன்னும் நீருக்குள் இருக்கும்போதே, வெப்பநிலை தானாகச் சில டிகிரி ஏறியது! அப்புறம் மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. அலை அலையாக. இன்றும் இதை லூயிஸ் எதிர்வினை என்கிறார்கள்.

ஏன் இப்படி? பரிவு நரம்பின் முனை நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது மதகின் தசையை இறுக்குகிறது. லேசான குளிரில் இந்த இறுக்கம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் விரல் நாளங்களில் உள்ள ஒருவகை ஏற்பிகள் குளிர்ந்தால் கூடுதல் கூர்மை பெறும். ஆனால் குளிர் ஓர் எல்லையைத் தாண்டினால் நரம்பு முனையும் தசையும் சேர்ந்து செயலிழக்கின்றன. இறுக்கிப் பிடித்த கை தளர்வதுபோல் அல்ல, பிடித்த கையே மரத்துப்போகிறது. மதகு திறந்துகொள்கிறது, சூடான ரத்தம் நுழைகிறது. அந்தச் சூட்டில் நரம்புக்கும் தசைக்கும் உயிர் வருகிறது. உயிர் வந்ததும் முதல் வேலையாக மதகை மறுபடி அடைக்கின்றன! மூடுகிறவன் மயங்குவதால் கிடைக்கும் பாதுகாப்பு இது. நரம்பு முதலில் தோற்கிறதா, தசை முதலில் தோற்கிறதா, நாளங்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளரில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு ஒரு விரலை மட்டும் விட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடம் நன்றாக வலிக்கும், பிறகு மரக்கும், பிறகு ஒரு சூடு படரும். இதய நோய், சர்க்கரை, குளிரில் விரல் வெளுக்கும் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, போட்டிக்கு வருவோம். இந்த எதிர்வினைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நடு உடம்பு சூடாக இருந்தால் அலை சீக்கிரம் வரும், பலமாக வரும். நடு உடம்பு குளிர்ந்திருந்தால் தாமதமாகும், சில சமயம் வராமலே போகும். எனவே அனுபவமுள்ள அணி விரலைக் காப்பாற்ற விரலைக் கவனிப்பதோடு நிற்பதில்லை. நின்றதும் முதலில் மேல்சட்டை, அப்புறம்தான் பட்டை. தசைகளுக்கு எரிபொருள் தீராதபடி அவ்வப்போது ஏதாவது வாயில் போடுகிறார்கள். ஏறும்போது வியர்வையில் நனையாதபடி ஜிப்பைத் திறந்து வைக்கிறார்கள். பயிற்சியில் பட்டை உரிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து நொடிகளைக் குறைப்பதற்கும் இதில் பங்கு உண்டு. நிற்கும் நேரம் என்பது வெப்பம் தயாராகாத நேரம்.

அணியாகப் போவதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சோர்ந்தவரை வலுவானவர் எலாஸ்டிக் கயிற்றால் இழுத்துச் செல்வது இந்தப் போட்டிகளில் வழக்கம். இழுப்பவரின் தசை கூடுதலாக வேலை செய்கிறது, அவர் கொதிக்கிறார். இழுக்கப்படுபவரின் வேலை குறைகிறது, வெப்பமும் குறைகிறது. காற்று மட்டும் அதே காற்று. உதவி பெறுகிறவரின் விரல்தான் முதலில் மரக்கும் என்று கணக்கு சொல்கிறது. தடித்த கையுறை யாருக்கு என்பதை வேகம் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

விரல்களைப் பழக்க முடியுமா? கனடாவின் காஸ்பே மீனவர்களின் கைகள் குளிர்நீரில் மற்றவர்களின் கைகளைவிட நன்றாகத் தாங்குவதை லெப்ளாங்க் குழு 1960இல் காட்டியது. ஆனால் ஆய்வகத்தில் சில வாரம் விரலை ஐஸில் முக்கிப் பழக்கியவர்களிடம் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே வருகின்றன. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் உடலியல் ஆய்வகமான டிபாஸ், வெப்பநாட்டு இந்திய வீரர்களை ஆர்க்டிக்குக்கே அழைத்துப்போய் அங்கே பிறந்து வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டது. இதெல்லாம் 1990களின் தொடக்கத்து வேலை. 2016இல் சியாச்சினில் பனிச்சரிவு பத்து உயிர்களைக் கொண்டுபோனபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் அந்த உயரத்தில் நிற்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. வேலூரிலோ மதுரையிலோ பிறந்தவரின் விரல் மதகு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு நாம் தாராளமாகச் செலவு செய்யலாம். ராக்கெட் மாதிரி படம் எடுத்துப் போட முடியாது என்பதுதான் இதன் ஒரே குறை.

ஆராய்ச்சி போகாத இடத்தில் நம்பிக்கைகள் போய்விடுகின்றன. குளிருக்குப் பிராந்தி என்பது அதில் முதலாவது. சாராயம் தோலின் நாளங்களைத் திறக்கிறது, சூடு ஏறுவதாகத் தோன்றும். உள்ளே சேமித்ததைத்தான் வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது, உறைந்த விரலைப் பனியால் தேய்ப்பது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே பரிந்துரைத்து, நூறு ஆண்டுக்கு மேல் பாடம்போலச் சொல்லப்பட்ட முறை. உறைந்த திசுவில் கூரிய பனிப்படிகங்கள் இருக்கின்றன, தேய்த்தால் கிழியும். இப்போது மருத்துவர்கள் செய்வது 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் விரலை வைப்பது. அதையும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான் செய்ய வேண்டும். உருகிய திசு இரண்டாம் முறை உறைந்தால் சேதம் பல மடங்கு. அதனால் இன்னும் ஒரு கணவாயைக் கடக்க வேண்டியிருந்தால், உறைந்த கால்விரலை உருக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நடந்து முதலுதவிக் கூடாரம் சேர்வதே மேல்.