பழுக்காத பழம்

"முதிர்ந்த, ஆனால் பழுக்காத மாம்பழங்களைப் பறிக்கவும்." மா அறுவடை பற்றிய துண்டறிக்கை, கையேடு, காணொளி என்று எதை எடுத்தாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை, இலக்கணமும் சரிதான். தோப்பில் நிற்பவருக்குத்தான் எதைப் பறிப்பது என்று தெரியாது.

பழுக்காத பழம் என்று தமிழில் ஒன்று கிடையாது. பழுத்தால்தான் பழம், அதுவரைக்கும் காய். ஆங்கிலத்தில் பூ உதிர்ந்த நாளிலிருந்து அழுகும் நாள்வரை எல்லாமே 'ஃப்ரூட்'. ஆகவே அவர்களுக்கு 'மெச்சூர் கிரீன் ஃப்ரூட்' என்று முன்னால் இரண்டு அடைமொழி போட்டாக வேண்டியிருக்கிறது. நமக்குப் பூம்பிஞ்சு, பிஞ்சு, இளங்காய், காய், செங்காய், பழம், அளிந்த பழம் என்று பருவத்துக்கு ஒரு பெயர். கனியிருக்கக் காயைக் கவர்வதைக் குறளில் உவமையாக்க முடிந்தது இந்தப் பிரிவினை மொழியிலேயே இருப்பதால்தான். ஏழு படி உள்ள மொழியில் ஒரு படி உள்ள மொழியைப் பெயர்த்து வைத்தால் பழுக்காத பழம்தான் கிடைக்கும். 'மெச்சூர் கிரீன் மேங்கோ' என்பதற்கு மண்டியில் எவரைக் கேட்டாலும் 'விளைஞ்ச காய்' என்பார். 'முற்றின காய்' என்றும் சொல்வது உண்டு. அவ்வளவுதான் சொல். மீதி எல்லாம் இந்த எளிய சொல்லைத் தாண்டிப்போய் 'முதிர்ச்சி'யில் விழுந்த கதை.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'மெச்சூர்' லத்தீன் 'மாத்தூருஸ்' என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பழுத்தது, காலத்தோடு அமைந்தது என்று பொருள். 'ரைப்' பழைய ஆங்கிலச் சொல், அறுவடையைக் குறிக்கும் 'ரீப்' என்பதற்கு உறவு. அதாவது இரண்டுமே தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றைத்தான் குறித்தன. அறுவடைக்குப் பின்னான அறிவியல்தான் இவற்றைப் பிரித்து வைத்தது. மரத்தில் காய் தன் வளர்ச்சியை முடிப்பது 'மெச்சூரிட்டி'. அதன்பின் மாவுச்சத்து சர்க்கரையாகி, சதை இளகி, மணம் வருவது 'ரைப்பனிங்'. இந்தப் பிரிவு தெரியாமல் அகராதியை மட்டும் பார்த்தவருக்கு 'மெச்சூர்' என்றால் முதிர்ந்த, 'ரைப்' என்றால் பழுத்த. ஒட்டினார்கள், முடிந்தது.

இனி 'முதிர்ச்சி'யின் வழக்கு.

முதிர்தல் என்றால் வயதாதல். முதுமை, முதியோர், முதுகிழவன், முதுமொழி எல்லாம் அந்தக் குடும்பம். முதிர்ந்த பழம் என்று காதில் விழுந்ததும் தோன்றுவது காம்பில் சுருக்கம் விழுந்து, தொட்டால் அமுங்கும் பழம். அதைப் பறித்துப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினால் அடித்தட்டு கூழாகத்தான் போய்ச் சேரும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். 'முதிர்ந்த' என்பதை விட்டுவிட்டு 'பழுக்காத' என்பதை மட்டும் பிடித்துக்கொள்பவர், பச்சையாக இருக்கும் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார். பாதி இளங்காய். பச்சை நிறம் விளைந்ததற்கும் அடையாளம் அல்ல, விளையாததற்கும் அடையாளம் அல்ல.

'பழமுதிர்சோலை இருக்கிறதே, முதிர் என்பது பழத்துக்குப் பழைய சொல் ஆயிற்றே' என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கிறது, யார் இல்லை என்றது? அதைப் பழம் உதிர் சோலை என்றும் பிரிக்கலாம், பழம் முதிர் சோலை என்றும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் அங்கே இருப்பது நன்றாகக் கனிந்த பழம். முதிர்கனி என்பதும் அதே. எடுத்துக்காட்டும் ஒவ்வொரு சான்றும் முதிர்தல் பழுத்தபின் நிலை என்றே காட்டுகிறது. பச்சைக் காயைக் குறிக்க 'முதிர்' வேண்டும் என்பதற்கு இது எப்படிச் சான்றாகும்?

இன்னொரு இழப்பும் உண்டு. பழுத்தபின் திசு தளர்ந்து, செல்சுவர் கரைந்து, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும் கடைசிக் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'செனசென்ஸ்' என்று தனிச்சொல். 'முதிர்ச்சி'யை முன்னாலேயே செலவழித்துவிட்டால் இதற்கு என்ன செய்வது? 'முதுமையடைதல்' என்கிறார்கள். ஒரே வேர்ச்சொல் பச்சைக் காய்க்கும் அழுகப்போகும் பழத்துக்கும் ஒரே கட்டுரையில் வருகிறது. மூப்பு என்று விட்டிருந்தால் போதும். காய் விளைகிறது, பழம் மூக்கிறது.

'விளைந்த' என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவது, விளைச்சல் என்றால் மகசூல் ஆகிவிடுமே என்பது. பெயர்ச்சொல்லாக ஆக்கினால் அந்தச் சிக்கல் உண்மைதான். ஆனால் 'காய் விளைஞ்சிருக்கா?' என்று கேட்டால் மகசூல் கணக்கை எவரும் எடுத்து நீட்டுவதில்லை. வாழையில் 'முக்கால் விளைஞ்ச தார்' என்று வணிகத்திலேயே அளவு இருக்கிறது. தொலைதூரச் சந்தைக்கு முக்கால், உள்ளூருக்கு அதற்குமேல். சீப்பில் காயின் விளிம்புகள் கூராக நின்றால் அரை, மழுங்கினால் முக்கால், உருண்டு வழவழத்தால் முழு விளைவு. இதை எழுபத்தைந்து விழுக்காட்டு முதிர்ச்சி என்று எழுதிப் படித்துக்காட்டினால் வெட்டுபவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கேட்பார்.

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் 'முற்றல்' இருக்கிறது. இங்கே ஓர் உண்மையான தடை உண்டு. முற்றல் வெண்டைக்காய், முற்றல் முருங்கை, முற்றல் கத்திரி என்றால் ஆகாதது. வாங்கிவந்தவருக்குத் திட்டு விழும். அப்படியானால் முற்றல் மாங்காய் மட்டும் எப்படி நல்லது? குறை சொல்லில் இல்லை. அறிவியலே இங்கே இரண்டு கருத்தை வைத்திருக்கிறது. செடியின் கணக்கில் வளர்ச்சி முடிந்தது ஒன்று, மனிதன் பறிக்கத் தகுந்த நிலை இன்னொன்று. வெண்டையில் இரண்டாவது முதலில் வந்துவிடுகிறது. மாவில் இரண்டும் அருகருகே வருகின்றன. முதலாவதை முற்றல் என்றும் இரண்டாவதைப் பறிபதம் என்றும் சொல்லிவிட்டால் குழப்பமே கிடையாது. பாகுக்குப் பதம், மாவுக்குப் பதம், மண்ணுக்குப் பதம் என்று சொல்லும் நாம் காய்க்கு மட்டும் 'தோட்டக்கலை முதிர்ச்சி' என்றும் 'உடலியல் முதிர்ச்சி' என்றும் எழுதுவானேன்? உடலியல் முதிர்ச்சி என்றால் பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடம் நினைவுக்கு வருகிறது, மாங்காய் வருவதில்லை.

சரி, விளைந்த மாங்காயை எப்படிக் கண்டுகொள்வது? காம்பைச் சுற்றிப் பாருங்கள். இளங்காயில் காம்பு மேடாக நிற்கும், தோள் சரிந்திருக்கும். விளைய விளையத் தோள் இரண்டும் காம்பைவிட மேலே எழும்பும், காம்பு குழியில் உட்காரும், கன்னம் உப்பும். ஒன்றிரண்டை அறுத்துப் பாருங்கள். கொட்டை கத்திக்கு அறுபடாமல் கட்டியாகி இருக்க வேண்டும், அதை ஒட்டிய சதை வெண்மை மாறி வெளிர்மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டால் விளைந்த காய் மூழ்கும். மாவுச்சத்து சேரச் சேர அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியான 1-ஐத் தாண்டுகிறது, அதுதான் காரணம். இளங்காய் மிதக்கும். தோல் நிறத்தை நம்பாதீர்கள். சில இரகங்களில் வெயில் பட்ட பக்கம் பிஞ்சிலேயே சிவந்திருக்கும்.

மாவுச்சத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாவும் வாழையும் பறித்தபின் இனிப்பது அந்தச் சேமிப்பினால். பச்சை வாழையின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மாவுச்சத்து, பழுத்தபின் அது ஏறத்தாழ முழுவதும் சர்க்கரை. பப்பாளியில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. ஆகவே நுனியில் ஒரு மஞ்சள் கீற்று விழும்வரை மரத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும், அதாவது செங்காயாக. முன்னால் பறித்தால் மெதுவாகும், இனிக்காது. அன்னாசியில் சேமிப்பே இல்லை. பறித்த அன்று எவ்வளவு இனிப்போ அதுதான் கடைசிவரை.

அடுத்த குழப்பம் 'ரைப்பனிங்'. இதற்குப் பழுத்தல் என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் தமிழில் இதற்கு இரண்டு சொல் இருப்பது ஏன் என்று எவரும் நின்று பார்ப்பதில்லை. பழுத்தல் என்பதில் நிறம் முன்னால் நிற்கிறது. பழுப்பு அதிலிருந்து வந்தது. இலை பழுக்கிறது, இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிறோம், பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்கிறது. (கட்டி பழுப்பதும் உண்டு, அதைச் சாப்பாட்டுப் பேச்சில் விட்டுவிடலாம்.) கனிதல் என்பதில் உள்ளிளக்கம் முன்னால் நிற்கிறது. மனம் கனிகிறது, பேச்சில் கனிவு இருக்கிறது. 'மஞ்சளாயிடுச்சு, இன்னும் கனியலை' என்று வாழைப்பழத்தை அழுத்திப் பார்த்துச் சொல்வது அன்றாடப் பேச்சு.

இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு இரண்டு சரக்கைப் பாருங்கள். ஜி9 போன்ற கேவண்டிஷ் வகை வாழையை 24 டிகிரிக்கு மேல் பழுக்கப் போட்டால் தோலின் பச்சையம் சரியாகச் சிதையாது. உள்ளே சதை குழைந்துவிடும், வெளியே பச்சை அப்படியே நிற்கும். அது கனிந்தது, பழுக்கவில்லை. அதனால்தான் பழுக்க வைக்கும் மூடிய அறையான சேம்பரில் 15 முதல் 18 டிகிரிக்குள் வைத்து, எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் ஒரு நாள் விட்டு, பிறகு காற்றைத் திறந்துவிடுகிறார்கள். கரியமில வாயு 1 விழுக்காட்டைத் தாண்டினால் எத்திலீனின் வேலை தடைபடும். இதற்கு நேரெதிர் ஃபுளோரிடா ஆரஞ்சு. அங்கே பருவத் தொடக்கத்தில் பறிக்கும் ஆரஞ்சு உள்ளே தின்னத் தயார், தோல் மட்டும் பச்சை. 28, 29 டிகிரியில் வெறும் 5 பிபிஎம் எத்திலீன் விட்டுத் தோல் பச்சையைப் போக்குகிறார்கள். புளிப்பும் இனிப்பும் துளி மாறுவதில்லை. 'டிகிரீனிங்' என்ற இந்தச் செயலைத் தமிழில் 'செயற்கையாகப் பழுக்க வைத்தல்' என்று எழுதி, வாசகரைப் பயமுறுத்தவும் செய்கிறார்கள். பச்சை போக்கல் என்றால் தீர்ந்தது.

'செயற்கையாகப் பழுக்க வைத்தல்' என்ற இந்த ஒரே மூட்டைக்குள் கார்பைடு கல்லும் எத்திலீன் சேம்பரும் சேர்ந்து கிடப்பது இன்னும் மோசம். கல்லிலிருந்து வருவது அசிட்டிலீன். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடு. இந்தியாவில் அதற்குத் தடை. எத்திலீன் காயே உண்டாக்கும் வாயு, 100 பிபிஎம் வரை சேம்பரில் விட அனுமதி உண்டு. ஆனால் இரண்டில் எதைப் போட்டாலும் இளங்காய் கனியாது. தோல் மஞ்சளாகும், சுருங்கும், சதை ரப்பர்போல் இருக்கும், மணம் வராது. இதற்கும் தமிழில் சொல் காத்திருக்கிறது: வெம்பல். வெம்பிப் பழுத்த காயை 'முறையற்ற முதிர்ச்சி கொண்ட பழம்' என்று பெயர்த்தவருக்கு வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லித் தராமலா இருந்திருப்பார்கள்? எழுத உட்காரும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

அவகேடோ இந்த மொத்த வழக்கையும் ஒரே காயில் முடித்து வைக்கிறது. அது மரத்தில் எவ்வளவு நாள் தொங்கினாலும் இளகாது, பறித்தபின்தான் இளகும். மரத்தில் விளையும், வீட்டில் கனியும். கலிஃபோர்னியாவில் ஹாஸ் இரகத்துக்குப் பறிபதம் உலர்பொருள் (நீர் போக மிஞ்சும் எடை) 20.8 விழுக்காடு என்று சட்டமே உண்டு. அதற்கு முன் பறித்தால் சுருங்கித் தோலாகும், இளகவே இளகாது. ஹாஸ் கனியும்போது கறுக்கும். பச்சைத்தோல் இரகங்கள் கனிந்தபின்னும் பச்சைதான். 'முதிர்ச்சி', 'பழுத்தல்' என்ற இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள்.

கலைச்சொல் பட்டியல் போடுபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. 'விளைந்த காய்' நீளம் என்று அதை 'விளைகாய்' என ஒட்டிவிடும் ஆசை வரும். அது வினைத்தொகை. விளைந்த, விளைகின்ற, விளையும் மூன்று காலமும் அதில் அடங்கும், அதாவது இளங்காயும் உள்ளே வந்துவிடும். ந்த-வை விட்டுவிடாதீர்கள்.