உடலை அச்செடுக்கும் முன்: தோலுக்கும் பெயருக்கும் காப்பு

உடலும் பாலடையாளமும் பற்றிச் சிற்பம் செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது, ஆளை அப்படியே அச்செடுக்கலாமா என்பதுதான். எடுக்கலாம். ஆனால் எதைக்கொண்டு எடுக்கிறீர்கள் என்பதிலேயே, அந்த ஆள் வெளியே தெரிவாரா என்பதும் பாதி தீர்ந்துவிடுகிறது.

நீரில் குழைத்துப் பூசும் அச்சுத்தூளான அல்ஜினேட் தோலின் ரேகையைக்கூட விடாது. வன்னியில் ஒரு ஷெல் காயத் தழும்போ துண்டான விரலோ போதும், இன்னாருடைய பிள்ளை என்று ஊரே சொல்லிவிடும். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் நீங்காத நாட்டில் குயர் ஒருவருக்கு அது சின்ன விஷயமல்ல. ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் பண்டேஜ் வடிவத்தை எடுக்கும், தழும்பை எடுக்காது. மறைந்திருக்க விரும்புபவருக்கு அதுதான் சரி.

மயிருள்ள இடமெல்லாம் வஸ்லின் தடித்துப் பூசுங்கள். பண்டேஜ் 3 அல்லது 4 படை, விளிம்பில் இன்னும் ஒன்றிரண்டு. மத்தியானத் தாங்கி நீர் சுடும். அதில் நனைத்தால் ஒட்டி முடிக்குமுன்பே இறுகிவிடும். நிழலில் வைத்த நீரே நல்லது. கிணற்றுநீர் கல்சியம் கூடியதென்றால் அல்ஜினேட்டும் அப்படித்தான் அவசரப்படும், மழைநீர் உதவும்.

கையை வாளிப் பிளாஸ்டருக்குள் விடவே வேண்டாம். இறுகும்போது அது சூடேறும். கனத்த கட்டிக்குள் அந்தச் சூட்டுக்குப் போக்கிடமில்லை. 2007இல் இங்கிலாந்தில் ஒரு மாணவி இப்படித்தான் விரல்களை இழந்தார்.

திருநம்பி ஒருவர், மார்பை இறுக்கித் தட்டையாக்கும் உள்ளாடையான பைண்டரோடு நிற்கிறேன் என்பார். பைண்டருக்கு மேல் பிளாஸ்டரும் இறுகினால் மூச்சு முட்டும், மயக்கம் வரும். கழற்றிவிட்டு, தளர்ந்த பெனியனுக்கு மேல் பொலித்தீன் தாள் சுற்றி, மூச்சை நிறைய இழுத்த நிலையில் ஒட்டுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்கவும் விடாதீர்கள். மார்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை அச்சில் தேடாமல், வார்ப்பில் சீவியோ களிமண் அப்பியோ அவர் சொல்கிறபடி செய்யலாம். உண்மையில் சிற்பம் தொடங்குவதே அங்கேதான்.

சிலிக்கோன் அச்சிலிருந்து எத்தனை பிரதியும் வார்க்கலாம். ஆகவே அச்சு யாரிடம் இருக்கும், எப்போது உடைக்கப்படும் என்பதை முன்னமே எழுதி, நீங்களும் அச்சுக்கு நின்றவரும் அந்த எழுத்தில் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சே வேண்டாம் என்பவருக்கும் வழியுண்டு. கனடாவில் பிறந்த திருநர் கலைஞர் கசில்ஸ், 2012 முதல் ஏறக்குறைய 900 கிலோ களிமண்ணை இருட்டில் குத்தி உதைத்து உருமாற்றுகிறார்; மண்ணில் மிஞ்சுவது முட்டியும் காலும் பட்ட தடம். எங்கள் குளத்துக் களியிலும் செய்யலாம், எடுக்க அனுமதி கேட்டுவிட்டு. தனிக்களி வெயிலில் வெடிக்கும். மணல் கலந்து, ஈரச்சாக்கால் மூடி மெல்லக் காயவிடுங்கள்.