பிடியை விட்டால் நிற்கும் முடிச்சு

முரட்டு மாட்டைக் கட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டோடு மல்லுக்கட்ட மாட்டார். ஓடிப்போய்த் தூணில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, நுனியை லேசாகப் பிடித்தபடி நிற்பார். மாடு எவ்வளவு முக்கினாலும் அவர் கை நோகாது. ஐம்பது, அறுபது அடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை கழிக்கும் ஆர்பரிஸ்ட்டுகளைத் தாங்குவதும் இதே சூட்சுமம்தான்.

தூணில் நடப்பதைக் கணக்காக்கியவர் 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர். உராய்வுக் கெழுவை, அதாவது இரு பரப்புகள் எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதன் அளவை, 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிடிமானம் ஆறரை மடங்கு. இரண்டு சுற்றுக்குப் பதின்மூன்று என்று நினைப்போம். இல்லை, 43 மடங்கு. மூன்றாவதில் 280ஐத் தாண்டிவிடும். தூண் பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது நம்ப முடியாததாகத்தான் இருக்கிறது.

சரி, தூணுக்குப் பதில் இன்னொரு கயிற்றையே சுற்றினால்? 1931இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் எழுதிய முடிச்சு அதுதான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தடித்த கயிறு ஒன்றை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். ஷூ லேஸின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, கயிற்றைச் சுற்றி, வளையத்துக்குள்ளேயே மூன்று முறை நுழைத்து இழுங்கள். சுமை இல்லாதபோது முடிச்சு மேலும் கீழும் வழுக்கும். லேஸைக் கீழ்நோக்கி இழுத்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்கச் சுற்றுகள் இறுகும், இறுக இறுக உராய்வு கூடும். அதாவது தொங்குகிறவரின் எடையே பூட்டு. மரமேறிகள் கட்டும் பிளேக் முடிச்சும் இந்த வகையறாதான்.

இனி ஹார்னஸ். இடுப்புப் பட்டையும் இரண்டு தொடை வளையங்களும் கொண்ட உட்காரும் வார் அது. பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். தொடை வளையத்துக்குள் உள்ளங்கை நுழையலாம், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. இதில் அழகான பாகம் எதுவென்றால், முன்பக்கம் தொங்கும் ‘பாலம்’ என்கிற குட்டிக் கயிறு. அதன்மேல் ஒரு வளையம் இங்கும் அங்கும் ஓடும். மேலிருந்து வரும் கயிறு இந்த வளையத்தில்தான் மாட்டப்படுகிறது. ஆள் இடப்பக்கம் சாய்ந்தால் வளையமும் நகர்ந்துகொடுக்கும், இடுப்பு முறுகாது. ஓயாமல் உரசுவதால் முதலில் தேய்வதும் இந்தப் பாலம்தான். ஏறுமுன் விரலால் தடவிப் பார்க்க வேண்டிய இடம்.

கயிறு மேலே போவது எப்படி? முன்னூறு நானூறு கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய நூலில் கட்டி, கவைக்கு மேலாக வீசுவார்கள். நூலின் பின்னால் கயிறு போகும். கயிற்றின் ஒரு முனை ஹார்னஸில். கிளையைத் தாண்டி இறங்கும் மறுபக்கத்தில் முடிச்சு, அதுவும் ஹார்னஸில். கிணற்றுச் சகடையில் தொங்கும் வாளிக்குள் நீங்களே உட்கார்ந்துகொண்டு மறுமுனையை இழுப்பதாகக் கற்பனை செய்யுங்கள். 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 40 கிலோதான். அதற்கு விலை, ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும்.

ஆனால் கிளை சகடை இல்லையே. மரப்பட்டைமேல் கயிறு அரைச் சுற்று சுற்றியிருக்கிறது. அதே 0.3ஐப் போட்டால் இரு பக்க இழுவிசைகளுக்கும் இரண்டரை மடங்கு வித்தியாசம். ஏறும்போது இழுக்கும் பக்கத்தில் 40 அல்ல, சுமார் 58 கிலோ விசை வேண்டும். இறங்கும்போது நிலைமை தலைகீழ்: கிளையின் உராய்வு தடுக்க, முடிச்சுள்ள பக்கத்துக்கு வருவது 22 கிலோதான். ஏறுகிறவனுக்கு எதிரியான உராய்வு இறங்குகிறவனுக்குத் துணை. மேலே வழவழப்பான உருளையைப் போட்டுச் சுலபமாக ஏறுகிறவர்கள், இறங்கும்போது முடிச்சு அதிகம் இறுகுவதையும் சுடுவதையும் பார்ப்பது இதனால்தான்.

சூடு சின்ன விஷயமில்லை. 80 கிலோ ஆள் 15 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 11,800 ஜூல் வெப்பமாக வெளிவர வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி 12 விநாடி எரிந்த கணக்கு. அதில் நல்ல பங்கு விரல் நீள முடிச்சில். வேகமாக வழுக்கி இறங்கினால் பாலியெஸ்டர் இழைகள் உருகிக் கண்ணாடி போலப் பளபளக்கும். அந்த இடம் அப்புறம் சரியாகக் கவ்வாது. முடிச்சுக் கயிற்றில் உருகாத அராமிட் இழையைச் சேர்ப்பது இதற்காக.

கிளையில் கயிறு உரசினால் மரத்துக்கும் கேடு. பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்குதான் புது மரத்தையும் புதுப் பட்டையையும் உண்டாக்குகிறது. அதைக் காப்பாற்ற, இரு முனையிலும் வளையம் வைத்த வாரைக் கிளைமேல் போட்டு, கயிற்றை வளையங்களுக்குள் விடுவார்கள். முள்காலணி மாட்டி உயிருள்ள மரத்தில் கிளை கழிக்க ஏறக் கூடாது என்பதும் இதனால்தான். தென்னைக்கும் பனைக்கும் கேம்பியமே கிடையாது. தென்னையில் ஏறுவதற்கு வெட்டிய படி, மரம் இருக்கும்வரை ஆறாத தழும்பு. காலில் தளைநார் மாட்டி உராய்விலேயே ஏறும் பனையேறி மரத்தில் ஓட்டை போடுவதில்லை.

கயிற்றின் பலம் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்கத் தரநிலை கேட்கும் அரை அங்குலக் கயிறு சுமார் 2,450 கிலோ தாங்கும். பயம் ரம்பத்தைப் பற்றித்தான். விறைத்து நிற்கும் கயிற்றில் சங்கிலி ரம்பம் பட்டால் ஒரு கணம் போதும். ஆகவே ரம்பம் ஓடும்போது இரண்டாவது கயிறொன்று மரத்தின் தண்டைச் சுற்றி, இடுப்பின் இரு பக்க வளையங்களிலும் மாட்டப்பட்டிருக்கும். கயிற்றில் தொய்வும் விடக் கூடாது. இது அதிகம் நீளாத கயிறு. ஒரு மீட்டர் விழுந்து பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால், உடம்பில் சராசரியாக எடையைப் போலப் பதினோரு மடங்கு விசை அடிக்கும்.

இத்தனையும் சரியாக மாட்டிய பிறகும் ஒரு கோளாறு மிச்சம்: மனிதக் கை. முடிச்சின் தலையை அழுத்தினால் அது தளர்ந்து ஆளை இறக்கும், கையெடுத்தால் நிற்கும். ஆனால் சறுக்கும்போது எவனும் கையை எடுக்க மாட்டான், கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பான். கிடைப்பது பெரும்பாலும் அந்த முடிச்சு. பிடிக்கப் பிடிக்க ஆள் இன்னும் வேகமாக இறங்குவான். அதனால் புதியவரைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு, சறுக்கவைத்து, கையை விடச் சொல்லித் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.